கோவைக்கு வந்தது இரண்டாந்தரக் கோப்பை இல்லை

ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடந்த கால்பந்து விழா வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். எனக்கே பலர் அனுப்பி, "அண்ணா, இதுல நீங்க பேசறதும் இருக்கு" என்றார்கள். ஆமாம், எழுந்து நின்று கேட்டது நான்தான். வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது. மீதியை நானே எழுதிவிடுகிறேன், ஆளாளுக்கு ஒரு கதை கட்ட வேண்டாம்.

மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் 'தேசிய அளவில் நம் கிளப்புகள் வென்ற பட்டங்கள்' என்று தலைப்பு. கீழே ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீகை ஜெயித்த 'சென்னையின் எஃப்சி', 2015, 2018. அவ்வளவுதான். 2018-19-ல் ஐ-லீகை ஜெயித்த சென்னை சிட்டி எஃப்சி இல்லை. கோயம்புத்தூரில், நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிற விழாவில், அதே நேரு ஸ்டேடியத்தில் ஜெயித்த பட்டம் இல்லை. "விட்டுப் போச்சுங்க, அடுத்த தடவை சேர்த்துக்கறோம்" என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மேடையில் இருந்தவர் மைக்கைப் பிடித்து, "அது ஐ-லீக்குங்க தம்பி, ரெண்டாவது டிவிஷன். அதையெல்லாம் இதுல சேர்க்க முடியாது" என்றார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் பரிசு வாங்க வந்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

ரெண்டாவது டிவிஷன் இல்லை. 2018-19 சீசனில் ஐ-லீக் இந்தியாவின் முதல் டிவிஷன்.

இது என் ஆசை இல்லை, பதிவில் இருக்கிற விஷயம். ஐஎஸ்எல், ஐ-லீக் இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017-ல் ஒப்புக்கொண்டது. அப்போது போட்ட ஏற்பாட்டின்படி ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ஐஎஸ்எல் சாம்பியனுக்கு ஒரு படி கீழே இருந்த ஏஎஃப்சி கோப்பை. அதன்படியே நடந்தது. 2019 மார்ச்சில் ஐஎஸ்எல்லை ஜெயித்த பெங்களூரு எஃப்சி ஏஎஃப்சி கோப்பைக்குப் போனது. ஐ-லீகை ஜெயித்த சென்னை சிட்டி 2020 ஜனவரியில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபா அணியோடு ஆடியது. ரெண்டாவது டிவிஷன் சாம்பியனையா ஆசியாவின் பெரிய போட்டிக்கு அனுப்பினார்கள்?

ஐஎஸ்எல்தான் இனி நாட்டின் முதல் லீக் என்கிற திட்டத்துக்கு ஆசியக் கூட்டமைப்பு ஒப்புதல் கொடுத்தது 2019 அக்டோபரில். சென்னை சிட்டி ஜெயித்தது 2019 மார்ச் 9. முன்னால் எது, பின்னால் எது என்று பார்க்க ஒரு காலண்டர் போதும். பின்னால் வந்த முடிவை வைத்து முன்னால் ஜெயித்தவனைக் கீழே இறக்குவது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொன்னவுடனே, "நீங்க சென்னையின் எஃப்சி விரோதியா" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்கிறார். இல்லைங்க. 2015 இறுதி ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராக மென்டோசா கடைசி நிமிடத்தில் கோல் போட்டு 3-2 ஆனபோது எங்கள் வீட்டில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். 2018-ல் பெங்களூரிலேயே போய் பெங்களூருவை வென்றதும் நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்கு பார்க்கிறோம் என்று மேடையில் உட்கார்ந்தால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். 2015-ல் ஐஎஸ்எல்லுக்கு தேசிய லீக் என்ற அங்கீகாரமே கிடையாது. அந்த ஆண்டு நாட்டின் முதல் லீக் என்று இருந்தது ஐ-லீக் மட்டும்தான். அங்கீகாரம் இல்லாத வருஷம் பேனரில் இருக்கலாம், அங்கீகாரத்தோடு ஆசியாவுக்குப் போன வருஷம் இருக்கக் கூடாதா?

இன்னொன்றும் அங்கேயே சொன்னேன், வீடியோவில் அது வரவில்லை. மதுரையின் சேது எஃப்சி பெண்கள் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை வென்று இந்தியப் பெண்கள் லீகை ஜெயித்தார்கள். அதுவும் பேனரில் இல்லை. இரண்டரை மாத இடைவெளியில் ஆண்கள் லீக், பெண்கள் லீக் இரண்டிலும் தமிழ்நாட்டு கிளப்புகள் சாம்பியன். வேறு மாநிலமாக இருந்தால் இதை வைத்தே பத்து வருஷம் பேசியிருப்பார்கள்.

அந்த சீசனை ரெண்டாவது டிவிஷன் என்கிறவர்கள் ஒரு ஆட்டமாவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். மலை மேல் ஐசால், ஷில்லாங், இம்பால். காஷ்மீரிலிருந்து முதல் தடவையாக மேல்மட்டத்துக்கு வந்து மூன்றாம் இடம் பிடித்த ரியல் காஷ்மீர். இத்தனை பேரையும் தாண்டி வந்த அணி, முந்தைய சீசனில் கீழே இறங்காமல் தப்பியதே பெரிய பாடு என்று இருந்த அணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. அவர்களோடு எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பையன்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மான்சி ஹாட்ரிக். சீசன் முடிவில் 21 கோல்.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், கோவாவில் ஜெயித்தாலே கோப்பை என்ற நிலையில், சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்றார்கள். எல்லாம் கடைசி நாளுக்கு வந்து நின்றது. ஒரு புள்ளி மட்டும் பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு, நாம் கோவையில் மினர்வாவோடு, இரண்டும் ஒரே நேரத்தில்.

நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், காக்கிச் சட்டை, ஆட்டோ ஓட்டுகிறவர் என்று நினைக்கிறேன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். இடைவேளை வரை நிமிரவே இல்லை. பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் கோழிக்கோட்டு ஆட்டத்தை செல்போனில் வைத்திருந்தான், அவனைச் சுற்றி ஒரு கும்பல். இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 69-வது நிமிடம் கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த டிஃபெண்டர், கோல் போட்டார். அந்த நேரத்தில்தான் கோழிக்கோட்டில் கோகுலமும் கோல் போட்டது என்று அந்தப் பையன் கத்தினான். அப்புறம் ஈஸ்ட் பெங்கால் திருப்பிப் போட்டு 2-1 என்று முன்னால் போய்விட்டது. அதாவது நாம் ஒரு கோல் வாங்கினால் கோப்பை போச்சு. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், பின்னால் இருந்தவர்கள் "உட்காருங்க" என்று கத்தியும் உட்காரவில்லை. கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும். 3-1. நமக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்தப் பெரியவர் யாரென்று எனக்குத் தெரியாது, என்னைக் கட்டிப்பிடித்து, "நம்மூருக்குங்க, நம்மூருக்கு வந்திருச்சுங்க" என்று அழுதார்.

அவர் ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வந்திருந்தால்? அதை நினைத்துத்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

"ஐஎஸ்எல் அணிகள்தான் பலமானவை, ஐ-லீக் சாம்பியன் அவர்கள் முன்னால் நிற்க முடியாது." நின்றார்கள். லீக் முடிந்த கையோடு புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. காலிறுதியில் ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு எஃப்சி, சுனில் சேத்ரியின் அணி. சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் நேருக்கு நேர் மோதி யார் ஜெயித்தது என்பது தெரிந்த விஷயம். அரையிறுதியில் கோவாவிடம் தோற்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாம்பியனை வீழ்த்தியவன் ரெண்டாந்தரம் என்றால் வீழ்ந்த சாம்பியன் எந்தத் தரம்?

"ஸ்பெயின்காரர்கள் ஜெயித்துக் கொடுத்தார்கள், நம்மாட்களா ஜெயித்தார்கள்?" இதற்குப் பதிலே சொல்லத் தேவையில்லை. ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளரே ஸ்பெயின்காரர்தான். மான்சியைப் போலவே 21 கோல் போட்ட சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசா டிரினிடாட்காரர். 2015-ல் கோல் போட்ட மென்டோசா எந்த ஊர்? கொலம்பியா.

"டிவியில் கூட சரியாகக் காட்டாத லீக்." ஆமாம், காட்டவில்லை. சீசன் நடுவிலேயே பல ஆட்டங்களை நேரடி ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், கிளப்புகள் எதிர்ப்பு தெரிவித்தன. அது யாருடைய குற்றம்? ஆடினவனுடையதா? காட்டாமல் விட்டதும் அவர்கள், காட்டவில்லை என்பதால் மதிப்பில்லை என்பதும் அவர்களா?

"பேர் சென்னை சிட்டி, அதை எப்படி கோவைப் பட்டம் என்கிறீர்கள்?" பேரில் சென்னை இருந்தது உண்மை. சென்னைக்காரர்கள் உரிமை கொண்டாடினால் கொண்டாடட்டும், எனக்குச் சந்தோஷம்தான். அவர்களும் கொண்டாடவில்லையே. அங்கே கேட்டால் கோவை டீம், இங்கே கேட்டால் சென்னை டீம் என்று நடுவில் அந்தக் கோப்பை அநாதையாக நிற்கிறது.

என் பெரியப்பா சிங்காநல்லூரில் மில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல் கூட, மில் டீமுக்கு ஆடப் போவார். கணுக்கால் எப்போதும் வீங்கியே இருக்கும், பெரியம்மா நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டுவார். எந்தப் பேப்பரிலும் அவர் பேர் வந்ததில்லை. அவர் ஆடின ஆட்டங்களைப் பற்றி இப்போது யாரிடமும் ஒரு காகிதம்கூட இல்லை. தொண்ணூறுகளில் இந்தியன் வங்கி அணி தேசிய லீகில் ஆடுகிறது என்று சொல்லும்போதே அவருக்கு முகம் மலர்ந்துவிடும், "பார்றா, கல்கத்தாக்காரங்களோட ஆடறானுங்க" என்பார். கல்கத்தாக்காரர்களை ஒரு புள்ளியில் முந்தி நாம் கோப்பை வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை. மேடையில் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் முதலில் எனக்கு நினைவு வந்தது அவர்தான். நம் ஊரில் ஆடினவர்களையெல்லாம் இப்படித்தான் ஒவ்வொருவராக அழித்துக்கொண்டே வருகிறோம்.

கடைசியாக எல்லோரும் சொல்வது: "அந்த கிளப்பே இப்போ இல்லையேப்பா." தெரியும். இதை ஞாபகப்படுத்தினால் எனக்கு வாதம் பண்ணக்கூட தெம்பு வருவதில்லை. அல்-ரிஃபா ஆட்டம், தமிழ்நாட்டு கிளப் ஒன்றின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. சொந்த மைதானத்தில் சொந்த சனம் பார்க்க முடியாமல் 0-1 என்று தோற்றார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் பங்கு வாங்கியிருக்கிறது, இனி பெரிய காலம் என்று நம்பினோம். பிறகு கொரோனா. எட்வின் அதற்கு முன்பே சென்னையின் எஃப்சிக்குப் போயிருந்தார், ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. 2020-21 சீசனோடு அணி ஐ-லீகிலிருந்தே மறைந்துவிட்டது. யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? சாம்பியன் கிளப் இரண்டு வருஷத்தில் காணாமல் போனதற்கு ஒரு விழா மேடையிலாவது வருத்தம் தெரிவித்தார்களா? இல்லை. இப்போது பட்டத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

கிளப் இல்லாமல் போனால் பட்டம் இல்லாமல் போகுமா? 2017-ல் ஐசால் எஃப்சி இதே ஐ-லீகை ஜெயித்தது. ஐசாலில் ஒரு மேடையில் ஏறி அது ரெண்டாவது டிவிஷன் பட்டம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். 2020-ல் மோகன் பகான் வாங்கிய ஐ-லீகைப் பற்றி கொல்கத்தாவில் சொல்லிப் பார்க்கட்டும். அங்கெல்லாம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

விழாக் குழுவிடம் எனக்கு ஒன்றும் கேட்பதற்கில்லை, நேரில் கேட்டதற்குக் கிடைத்த பதிலே போதும். உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த சீசன் டிக்கெட், போட்டோ, பேப்பர் கட்டிங் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள். 20 ஆட்டங்களின் முடிவுகளையும், ஆடினவர்கள் பேரையும் சேர்த்து அச்சடித்து, நேரு ஸ்டேடியத்தில் காலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறேன். சேது எஃப்சி படங்கள் மதுரைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள். அச்சுக்கூலி என் பொறுப்பு.