ஜிடிஐயா, ஜிடிஓவா? முதலில் எடையைக் கேளுங்கள்

கார் பைத்தியம் உள்ளவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. ஒரு பக்கம் ஐரோப்பாவின் குட்டி, வேகமான ஹேட்ச்பேக்குகள்: மினி கூப்பர், கோல்ஃப் ஜிடிஐ, பெஜோ 205 ஜிடிஐ. மறுபக்கம் பெரிய வி8 இன்ஜின் வைத்த அமெரிக்க மசில் கார்கள்: போன்டியாக் ஜிடிஓ, டாட்ஜ் சார்ஜர், மஸ்டாங். "அது பொம்மை வண்டி" என்பார் ஒருவர். "அது திரும்பவே தெரியாத வண்டி" என்பார் இன்னொருவர். இரண்டு தரப்பும் கையில் வைத்திருப்பது எச்பி (குதிரைத்திறன்) கணக்கு மட்டும்தான். நான் கேட்கச் சொல்வது வேறு மூன்று கேள்விகள். வண்டி எத்தனை கிலோ? அந்தக் கிலோ எந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது? அதை நிறுத்த என்ன பிரேக் கொடுத்திருக்கிறார்கள்?

முதலில் எச்பியையே பார்த்துவிடுவோம். 1964 ஜிடிஓவில் 389 கன அங்குல வி8, அதாவது 6.4 லிட்டர். 325 எச்பி என்று விளம்பரம். மூன்று கார்புரேட்டர் வைத்த டிரை-பவர் என்றால் 348. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க எண்கள் எல்லாம் 'கிராஸ்' எண்கள். இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், வண்டியில் வரும் சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓட்டி அளந்தவை. 1972 முதல் 'நெட்' கணக்கு வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிட்டதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: கார்வெட் எல்டி-1 இன்ஜின் கிராஸில் 330, நெட்டில் 275. 454 கன அங்குல எல்எஸ்5 கிராஸில் 365, நெட்டில் 285. ஒரே இன்ஜின், ஒரே ஆண்டு. ஆகவே 60களின் எண்ணை எடுத்து இன்றைய ஜெர்மன் எண்ணோடு நேராக ஒப்பிடுவது தப்பு. ஆறில் ஒரு பங்கிலிருந்து கிட்டத்தட்ட கால்வாசி வரை கழித்துவிட்டுப் பேசுங்கள்.

கோல்ஃப் ஜிடிஐ 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்தது, 1976இல் விற்பனைக்கு. 1,588 சிசி, பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன், 110 எச்பி, எடை 810 கிலோ. நூற்றைத் தொட 9 வினாடி, உச்ச வேகம் 182. ஜிடிஓவின் எடை 1,600 கிலோவை ஒட்டி. வேகம் எடுப்பதில் ஜிடிஓ முந்தும், அதில் சந்தேகமே வேண்டாம். பெரிய இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மிலேயே தரும் இழுவை சின்ன இன்ஜினுக்கு வராது. நாலாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் காலை அழுத்தியதும் பிக்கப் கிடைக்கும். கோல்ஃபில் அதே இடத்தில் இரண்டு கியர் குறைக்க வேண்டும்.

நிறுத்தும்போதுதான் கதை மாறுகிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறும். 160 கிலோமீட்டர் வேகத்தில் 1,600 கிலோ வண்டியில் சுமார் 15.8 லட்சம் ஜூல். 800 கிலோ வண்டியில் அதில் பாதி. அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். 1964 ஜிடிஓவுக்குக் கொடுத்தது நாலு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம். முன் டிஸ்க் 1967இல்தான் ஆப்ஷனாக வந்தது. கோல்ஃப் ஜிடிஐக்கு முதல் நாளிலிருந்தே முன்னால் டிஸ்க்.

டிரம் சூடேறினால் என்ன ஆகும்? இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். லைனிங்கில் உள்ள பிசின் வெந்து வாயு விடும், உராய்வு குறையும். நாலு டிரம்மும் ஒரே அளவில் சூடேறாது, அதனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முதல் அவசர பிரேக்கில் நன்றாகத்தான் நிற்கும், இரண்டாவதில் தயங்கும், மூன்றாவதில் பெடல் மேல் நின்றாலும் உருண்டுகொண்டே போகும். மசில் கார் மேல் எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இதுதான். அந்த இன்ஜினை விற்றவர்கள் அதற்குத் தகுந்த பிரேக்கைச் சேர்த்து விற்றிருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் அப்போதே உலகத்தில் இருந்தது.

அடுத்து மூக்கின் எடை. இங்கே பலர் ஏமாறுவார்கள். சதவீதத்தில் பார்த்தால் ஹேட்ச்பேக்தான் மோசம். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ் எல்லாமே முன்னால் என்பதால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன் ஆக்சிலில். மசில் காரில் அது 55, 56 போல வரும். ஆனால் டயருக்குச் சதவீதம் தெரியாது, கிலோதான் தெரியும். 850 கிலோ 205இன் முன் ஆக்சிலில் சுமார் 530 கிலோ. 1,600 கிலோ ஜிடிஓவின் முன் ஆக்சிலில் 900 கிலோவை நெருங்கும். வளைவில் அந்த 900 கிலோவை உள்பக்கமாகத் திருப்ப வேண்டியது அன்றைய ஒல்லியான பயாஸ்-பிளை (இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை) டயர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் மூக்கு நேராகவே போகப் பார்ப்பது அதனால்தான்.

இரண்டும் தப்புச் செய்யும் விதம் நேர் எதிர். காலை அழுத்தும்போது எடை பின்னால் சாயும். பின் சக்கரம் இழுக்கும் மசில் காருக்கு அது லாபம், முன் சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக்குக்கு நஷ்டம். 200 எச்பிக்கு மேல் போனதும் முன் சக்கர வண்டி ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். இடது வலது டிரைவ் ஷாஃப்ட் நீளம் வேறுபடுவது அதற்கு ஒரு காரணம், ஸ்டீயரிங் அச்சுக்கும் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம் இன்னொரு காரணம். இதைச் சமாளிக்கத்தான் 2009 ஃபோக்கஸ் ஆர்எஸ்ஸில் ஃபோர்டு ரெவோநக்கிள் என்ற தனி ஸ்டீயரிங் அச்சு அமைப்பை வைத்தது. ஐந்து சிலிண்டர், 305 எச்பி, எல்லாம் முன் சக்கரத்துக்கு. ரெனோவும் மெகான் ஆர்எஸ்ஸில் தனி ஸ்டீயரிங் அச்சு வைத்து அதையே செய்தது.

205 ஜிடிஐயின் பெயர்போன ஆபத்து வேறு. வேகமாக வளைவுக்குள் போய், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாயும், பின் சக்கரம் லேசாகும், வால் வெளியே வீசும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் முழுச் சுற்று நிச்சயம். வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, காலை மெதுவாக மறுபடி ஆக்சிலரேட்டரில் வைக்க வேண்டும். முன் சக்கரம் இழுத்து வண்டியை நேராக்கும். பழகியவர்களுக்கு இதே குணம்தான் அந்தக் காரின் ருசி. காலால் வண்டியைத் திருப்பலாம்.

லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டை) வைத்த சார்ஜர், கமரோ, பழைய மஸ்டாங் செய்யும் தப்பு ஆக்சில் துள்ளல். முறுக்குவிசை ஏறியதும் ஆக்சில் சுழலப் பார்க்கும், பட்டை 'எஸ்' வடிவில் நெளியும், டயர் பிடி விடும், பட்டை படாரென்று திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும். வினாடிக்குப் பல முறை இது நடந்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டோ பட்டையின் முன் கண் புஷ்ஷோ போய்விடும். ஆக்சில் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் பார் மாட்டுவது இதற்காகத்தான். அதற்கு முன் புஷ்ஷையும் யூ-போல்ட் இறுக்கத்தையும் பாருங்கள், பாதி வண்டிகளில் நோய் அங்கேதான். ஜிடிஓவுக்கு இந்தப் பட்டை நோய் கிடையாது, அதன் பின்னால் காயில் ஸ்பிரிங்கும் நாலு கன்ட்ரோல் ஆர்மும் இருக்கின்றன.

ஏன் இப்படி இரண்டு குலமாகப் பிரிந்தது என்றால், ரோடும் வரியும் பெட்ரோல் விலையும்தான். பிரான்சில் குதிரைத்திறன் கணக்கில் வரி. இத்தாலியில் 2 லிட்டரைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரி (வாட்) 38 சதவீதம் வரை போனது. அந்த வரிக்குப் பயந்து ஃபெராரியே 1,991 சிசியில் ஒரு குட்டி வி8 செய்து 208 என்று விற்றது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை, நேரான அகல ரோடு, மலிவுப் பெட்ரோல். அவரவர் ஊருக்கு அவரவர் வண்டி.

ஆனால் பிறப்பில் இரண்டும் சொந்தக்காரர்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை சட்டம் போட்டிருந்தது. அதன் கிளை நிறுவனமான போன்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனின் குழு ஜிடிஓவைத் தனி மாடலாகக் காட்டாமல் டெம்பெஸ்ட் லெமான்ஸின் ஆப்ஷனாக நுழைத்தது. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. வோல்க்ஸ்வாகனில் சில பொறியாளர்கள் நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஆரம்பித்த வேலைதான் ஜிடிஐ. 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள், முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டியது.

நேருக்கு நேர் மோதியும் இருக்கிறார்கள். 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய 1,071 சிசி மினி கூப்பர் எஸ் முதலிடம், பூ லுங்ஃபெல்ட் ஓட்டிய வி8 ஃபோர்டு ஃபால்கன் இரண்டாமிடம். மினி ரசிகர்கள் இதைச் சொல்லும்போது சிறிய இன்ஜினுக்குச் சலுகை தந்த அன்றைய புள்ளிமுறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சலுகை இருந்தது உண்மை. நாலில் ஒரு பங்கு இன்ஜினோடு பனி மலையில் அத்தனை நெருக்கமாக ஓடியதும் உண்மை. சுற்றுப்பந்தயத்திலோ அமெரிக்க வண்டிகள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை 1965இல் ராய் பியர்பாயின்ட் மஸ்டாங்கில் வென்றார்.

"மசில் கார் திரும்பாது" என்ற பேச்சு இன்று செல்லாது. 2015 முதல் மஸ்டாங் முழுக்க இன்டிபெண்டன்ட் பின் சஸ்பென்ஷன், அதாவது பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். 2017இல் கமரோ இசட்எல்1 1எல்இ ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 16.04 வினாடியில் சுற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு கோல்ஃப் கிளப்ஸ்போர்ட் எஸ் எடுத்த நேரம் 7:49.21. ஆனால் அந்த கமரோவுக்கு 650 எச்பி, முன்னால் 305, பின்னால் 325 அகல டயர். எடையைப் பணத்தால் வென்றார்கள். அந்த டயர் தேய்ந்தால் மாற்றும் செலவும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

எனக்கு வருத்தம் ஹேட்ச்பேக் பக்கம்தான் அதிகம். 1965இன் வி8 மஸ்டாங் சுமார் 1,300 கிலோ. எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. மோதல் பாதுகாப்பு, சத்தத் தடுப்பு, மின்சாரச் சீட், பெரிய சக்கரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த எடை. பாதுகாப்பின் எடையைக் குறை சொல்ல மாட்டேன், மீதியைச் சொல்வேன். ஒரு டன்னை ஒட்டி வந்த வோல்க்ஸ்வாகனின் குட்டி அப் ஜிடிஐ, 115 எச்பியோடு முதல் ஜிடிஐயின் உண்மையான வாரிசாக இருந்தது. அதை 2023இல் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஃபோர்டு ஃபியஸ்டாவும் போனது. மின்சார ஹேட்ச்பேக்கான ஆல்பீன் ஏ290 கிட்டத்தட்ட 1,480 கிலோ. மின்சார டாட்ஜ் சார்ஜர் டேடோனா 2,600 கிலோவுக்கும் மேல். இரண்டு கட்சியும் தோற்கும் பக்கம் போகிறார்கள்.

என் தேர்வு கேட்டால் 205 ஜிடிஐ 1.6. 1.9க்கு 130 எச்பியும் பின் டிஸ்க்கும் உண்டு, ஆனாலும் 1.6தான் இன்னும் சுறுசுறுப்பு. மசில் கார் வாங்குபவரைத் தடுக்க மாட்டேன். அந்த வி8இன் இழுவைக்கு மாற்று இல்லை.

லண்டன், பாரிஸ், டொராண்டோ பக்கம் பழைய வண்டி தேடும் நம்மவர்களுக்குச் சில விஷயம். 205ஐப் பின்னால் நின்று பாருங்கள். பின் சக்கரங்களின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் டிரெய்லிங் ஆர்ம் ஊசி பேரிங் போய்விட்டது. தண்ணீர் நுழைந்து துருப்பிடிப்பதால் வரும் நோய். சீக்கிரம் பிடித்தால் பேரிங் போதும், விட்டால் ஷாஃப்ட்டையும் தின்றுவிடும். முதல் தலைமுறை கோல்ஃபில் பெட்ரோல் ஊற்றும் குழாயைப் பாருங்கள். அது துருப்பிடித்தால் துருத்தூள் டேங்குக்குள் விழுந்து இன்ஜெக்ஷன் டிஸ்ட்ரிபியூட்டரை அடைக்கும், பிறகு வண்டி திக்கித் திக்கி ஓடும். பிரிட்டனின் வலது ஸ்டீயரிங் கோல்ஃபில் பிரேக் பூஸ்டர் இடது பக்கமே நின்று, குறுக்குக் கம்பி வழியாகப் பெடலோடு சேர்கிறது. அந்தக் கம்பி இணைப்புகள் தளர்ந்தால் பெடல் பஞ்சு போல இருக்கும்.

மசில் கார் என்றால் டேப்பெட் உரசியே ஓடும் பழைய ஃபிளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட்டுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் போதுமான அளவு உள்ள ஆயில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கேம் முனை தேய்ந்துபோகும். புதுக் கேம் போட்டால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 20, 30 நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். ஈயமில்லாப் பெட்ரோலில் எக்சாஸ்ட் வால்வு சீட் உள்ளே இறங்கும், ஹெட்டைக் கழற்றும்போது கடினச் சீட் போட்டுவிடுங்கள். ரேடியல் டயர் போட்டால் பழைய கையேட்டின் அலைன்மென்ட் வேண்டாம், அது பயாஸ்-பிளைக்கு எழுதியது. காஸ்டரை (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வை) 2, 3 டிகிரி பாசிட்டிவ் பக்கம் கொண்டுவந்தால் நேர் ரோட்டில் அலையாது.

1967க்கு முந்தைய வண்டி என்றால் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் ஒற்றைச் சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு பிரேக்கும் போச்சு. அதைக் கழற்றிவிட்டு இரட்டைச் சர்க்யூட் சிலிண்டர், முன் டிஸ்க், பின் சக்கரம் முதலில் லாக் ஆகாமல் இருக்க ஒரு புரோபோர்ஷனிங் வால்வு, மூன்றையும் ஒரே தடவையில் போடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் அது ஈரம் இழுக்கும். இந்த வேலை முடியும்வரை கார்புரேட்டருக்கோ சைலன்சருக்கோ ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.