பழைய சர்வீஸ் சேருமா?

நேத்து குன்னூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேங்க. அக்கா பசங்க மேட்டுப்பாளையத்துல காலைல 7.10 வண்டி ஏறி வந்துட்டிருந்தாங்க, கல்லார் தாண்டினதுல இருந்தே மழைன்னு போன் வந்துச்சு, வண்டி லேட்டு. வந்து நின்ன உடனே கூட்டம் மொத்தமும் பின்னாடி இருக்குற ஸ்டீம் இன்ஜின் பக்கம் செல்ஃபி எடுக்க ஓடுச்சு. நான் முன்னாடி கோச் பக்கமே நின்னுட்டிருந்தேன். அங்க ஒரு அண்ணன், அம்பது வயசு இருக்கும், கையில சின்ன சுத்தியல், குனிஞ்சு கோச்சுக்கு அடியில ஒவ்வொரு இடமா தட்டிட்டே வர்றாரு. ஒரு இடத்துல நின்னாரு. திரும்பத் தட்டினாரு. தலையைச் சாய்ச்சுக் கேட்டாரு. அப்புறம் அப்படியே உக்காந்து ஒரு பின்னை விரலால தடவிப் பாத்துட்டு பையில இருந்து ஸ்பேனர் எடுத்தாரு. என்னாச்சுங்கண்ணான்னு கேட்டேன். "சத்தம் வேற மாதிரி வந்துச்சுங்க"ன்னாரு. அவ்ளோதான், வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

12 அடிக்கு 1 அடி ஏறுற மலை ரயில் லைன் இது. 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஒவ்வொரு கோச் முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன் கையால பிரேக் போட நின்னுட்டே வர்றாரு. என் அக்கா பசங்க உக்காந்து வந்த வண்டி பத்திரமா வந்து சேந்துச்சுன்னா அதுல அந்த அண்ணனோட காதுக்கும் பங்கு இருக்கு. அந்தக் காது எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. இருபது முப்பது வருஷம் தட்டித் தட்டிக் கேட்டா மட்டும் வர்றது. நாளைக்கே அவரை "செலவு குறைக்கிறோம், வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பினா அந்தக் காதும் அவரோடயே வீட்டுக்குப் போயிரும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாளா அமெரிக்காவோட ஆம்ட்ராக் ரயில் பத்திப் படிச்சுட்டிருக்கேன். அங்க ஊருக்கு ஊர் போற பாசஞ்சர் ரயிலை ஓட்டுற அரசு கம்பெனி, 1971ல ஆரம்பிச்சது. 2008 சமயத்துல அவங்க நிலைமை என்னன்னா, ஆக்சிடென்ட்ல அடிபட்ட கோச்சுங்க, ரிப்பேர் பண்ணக் காசு இல்லாம ஓரம் கட்டினதுங்க, எல்லாம் யார்டுல வரிசையா நிக்குது. அந்தக் கோச்சை சரி பண்ணத் தெரிஞ்ச வெல்டரும் எலக்ட்ரீஷியனும் ஷீட் மெட்டல் ஆளும் வேலை போய் வீட்டுல உக்காந்திருக்காங்க. ரயில்ல ஏற ஜனம் இருக்கு, கோச் பத்தலை. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, வயிறு எரியும்.

அப்புறம் 2009 பிப்ரவரியில அங்க பொருளாதார மீட்புச் சட்டம் வந்துச்சு, அதுல ஆம்ட்ராக்குக்கு மட்டும் 130 கோடி டாலர். மார்ச் மாசம் அதை அறிவிச்சது அப்போ துணை ஜனாதிபதியா இருந்த ஜோ பைடன். அவர் செனட்டரா இருந்த 36 வருஷமும் வில்மிங்டன்ல இருந்து வாஷிங்டனுக்கு ரயில்லயே போய் வந்தவர், அதனால கோச் இல்லைன்னா என்ன கஷ்டம்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பணத்துல ஒரு பங்கை வெச்சு டெலாவேர் மாநிலத்துல பேர் (Bear)ங்குற ஒரு சின்ன ஊர்ல இருக்குற ஒர்க்‌ஷாப்ல ஓரங்கட்டின 60 ஆம்ஃப்ளீட் கோச்சையும், இண்டியானாவுல பீச் குரோவ் ஒர்க்‌ஷாப்ல இருபது சொச்சம் சூப்பர்லைனர் டபுள் டெக்கர் கோச்சையும் திரும்ப ஓட வைக்கிறதுன்னு முடிவாச்சு. அதுக்கு ஆள் வேணும்ல, வீட்டுக்கு அனுப்பின தொழிலாளிங்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே வேற. அங்க ரயில்வேல லேஆஃப் பண்ணா ஆளோட பேரை சீனியாரிட்டி லிஸ்ட்ல இருந்து அழிக்கிறதில்லை. வேலை திரும்ப வர்றப்போ அந்த லிஸ்ட் வரிசைப்படி சீனியர் ஆளை முதல்ல கூப்பிடணும். யூனியன் பல வருஷம் போராடி வாங்கின உரிமை அது. அதனால திரும்ப வர்ற ஆள் புது ஆளா வர்றதில்லை, விட்ட இடத்துல இருந்து வர்றாரு.

ஏன் புது கோச் வாங்கக் கூடாதான்னு சிலர் கேப்பீங்க. வாங்கணும்தான். ஆனா புது கோச்சுங்குறது டிசைன், டெண்டர், டெஸ்டிங்னு வருஷக் கணக்குல இழுக்குற வேலை. அந்த ஆம்ஃப்ளீட் எல்லாம் 1970கள்லயும் 80கள் ஆரம்பத்துலயும் பட் (Budd)ங்குற கம்பெனி பண்ணின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி. துரு பிடிச்சு மக்கிப் போற சரக்கு இல்லை. இடிச்ச பக்கத்தை வெட்டி எடுத்து, அடிச்சட்டம் நேரா இருக்கான்னு அளந்து, புது தகடு வெச்சு வெல்டு அடிச்சு, வயரிங் மாத்தி, சீட்டு ஜன்னல் போட்டு, பிரேக்குல காத்து லீக் ஆகுதான்னு பாத்து அனுப்பினா இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா ஒண்ணு, புது கோச் பண்றப்போ ஒரே அளவு ஒரே டிராயிங், அடிபட்ட கோச் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி அடிபட்டிருக்கும். எதை வெட்டணும் எதை விடணும்னு பாத்த உடனே சொல்ற ஆள் இல்லைன்னா பணம் கொட்டினாலும் நடக்காது.

எனக்கு இது ஏன் இவ்ளோ உறைக்குதுன்னா, எங்க வீட்டுலயே நடந்தது.

எங்கப்பா இங்க ஒரு டீ ஃபேக்டரியில ஃபிட்டர். பேர் வேண்டாம். அப்பாவோட வேலை சிடிசி ரோலர். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பல்லு பல்லா வெட்டின ரெண்டு உருளை ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணு வேற வேற வேகத்துல சுத்தும், வாடின பச்சை இலை அதுக்கு நடுவுல போய் நொறுங்கி சுருண்டு வரும். நாம குடிக்குற டஸ்ட் டீ எல்லாம் அப்படி வர்றதுதான். அந்தப் பல்லு மழுங்கினா இலை வெட்டுப்படாது, நசுங்கும், டீ சப்புன்னு போயிரும். ரெண்டு ரோலருக்கும் நடுவுல இருக்குற இடைவெளி முடி அளவு கூடினாலும் போச்சு. அப்பா ஃபீலர் கேஜ் வெச்சு அளப்பாரு, அளந்த பிறகு ரோலரைக் கையால மெதுவா உருட்டி கண்ணை மூடிக் கேப்பாரு. சின்னப் பையனா நான் பாத்திருக்கேன், சாமி கும்பிடுறாருன்னு நினைச்சுக்குவேன்.

1999, 2000 வாக்குல பச்சை இலை விலை சரிஞ்சது நீலகிரியில இருக்குற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தோட்டம் வெச்சிருந்தவங்க இலை பறிக்கிற கூலி கூடத் தேறலைன்னு அப்படியே விட்டாங்க. ஃபேக்டரியில ஒரு ஷிஃப்ட்டை நிறுத்தினாங்க, அப்பாவையும் இன்னும் ஆறு பேரையும் வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க. 14 வருஷ சர்வீஸ். அந்த எட்டு மாசம் அப்பா கேரட் மூட்டை தூக்கினாரு, பெயின்ட் அடிச்சாரு, கொஞ்ச நாள் திருப்பூர் போய்ட்டு உடம்பு ஒத்துக்காம திரும்பி வந்தாரு. அம்மா தோட்ட வேலைக்குப் போய்த்தான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு. ஃபேக்டரியில ஒரு லைன் ரோலர் பேரிங் போய் பல்லோட பல்லு உரசி வீணாகிடுச்சு, வெளிய இருந்து வந்த ஆள் கழட்டிட்டு திரும்பச் சேக்கத் தெரியாம விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி நல்ல மழை, சூப்பர்வைசர் அண்ணன் டார்ச் அடிச்சுட்டு வீட்டுக்கு வந்தாரு. உள்ள வாங்கன்னா வரலை, வாசல்லயே நனைஞ்சுட்டே நின்னு "நாளைல இருந்து வந்துருங்கண்ணா"ன்னாரு. அம்மா முகம் மலர்ந்துருச்சு. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "பழைய சர்வீஸ் சேருமா?"

அந்த அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. தினக்கூலி, புதுசா சேந்த மாதிரிதான்னாரு. அவர் மேல தப்பு இல்லை, சொல்லி அனுப்பினதைச் சொன்னாரு. அப்பா போனாரு. எங்க ஸ்கூல் ஃபீஸுக்காகப் போனாரு, அந்த ரோலர் அப்படிக் கிடக்குதேன்னும் போனாரு, ரெண்டும் உண்மை. நாலு நாள்ல லைன் ஓடுச்சு. தினக்கூலியாவே ரொம்ப நாள் வெச்சிருந்துட்டு அப்புறம்தான் பேரை ரிஜிஸ்டர்ல ஏத்தினாங்க. கடைசியில ரிட்டையர் ஆனப்போ கிராஜுட்டி கணக்கு ரெண்டாவது தடவை சேந்ததுல இருந்துதான் போட்டாங்க, முன்னாடி 14 வருஷம் காத்துல போச்சு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு கணக்கு போட்டா பெரிய தொகை இல்லைன்னு உங்களுக்குத் தோணலாம். எங்கப்பாவுக்கு அது தொகை இல்லைங்க, அவரோட 14 வருஷம்.

சட்டம் இல்லையான்னா இருக்கு. 1947 தொழில் தகராறு சட்டத்துல 25 எச் பிரிவு, ஆட்குறைப்பு பண்ணின ஆளுங்களுக்கு, திரும்ப ஆள் எடுக்குறப்போ முன்னுரிமை தரணும்னு சொல்லுச்சு. இப்போ அதுக்குப் பதிலா வந்திருக்குற 2020 தொழில் உறவுத் தொகுப்புல அந்த முன்னுரிமைக்கு ஒரு வருஷம்னு கெடு வெச்சிருக்காங்க. 13வது மாசம் ஃபேக்டரி ஆள் எடுத்தா பழைய ஆளைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. இது எனக்குச் சுத்தமா ஒப்புதல் இல்லை. வேலை போன ஆளோட கைத்திறன் ஒரு வருஷத்துல காலாவதி ஆகுற மருந்தா? அமெரிக்காவுல அந்த சீனியாரிட்டி லிஸ்டை மதிக்கிறாங்கன்னா நாமளும் மதிக்கலாம்.

நம்ம ரயில்வே சரித்திரத்துலயே இருக்குங்க. 1974 மே 8ல ஆரம்பிச்ச ரயில்வே ஸ்ட்ரைக், இருபது நாள், லட்சக் கணக்குல தொழிலாளிங்க, ஆயிரக் கணக்குல வேலை போச்சு, குவார்ட்டர்ஸ்ல இருந்து குடும்பத்தோட வெளிய தள்ளினாங்க. 1977ல ஆட்சி மாறி மது தண்டவதே ரயில்வே மந்திரியா வந்ததும் அவங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தாரு. ஒரு அரசாங்கம் மனசு வெச்சா நடக்கும்ங்குறதுக்கு அது போதும்.

மனசு வைக்காம லேட் பண்ணா என்ன ஆகும்னும் அதே ஆம்ட்ராக்ல பாக்கலாம், 2009 பாடத்தை 2020ல மறந்துட்டாங்க. கொரோனா வந்துச்சு, கூட்டம் இல்லை, அக்டோபர்ல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தினமும் ஓடின தூரத்து ரயில்ல பெரும்பாலானது வாரத்துக்கு மூணு நாள்னு ஆச்சு. அடுத்த வருஷம் மார்ச்ல நாடாளுமன்றம் 170 கோடி டாலர் குடுத்து, ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடணும், தினசரி ரயிலைத் திரும்ப விடணும்னு சொல்லுச்சு. 1,200 பேருக்கு மேல கூப்பிட்டாங்க, 2021 மே கடைசியில இருந்து தினசரி ரயில் படிப்படியா வந்துச்சு. ஆனா அதுக்குள்ள ரிட்டையர் ஆனவங்க ஆயிட்டாங்க, வேற வேலைக்குப் போனவங்க போயிட்டாங்க. ஜனம் திரும்ப ரயில்ல ஏற வந்தப்போ மெக்கானிக் பத்தாம கோச்சுங்க ஷெட்லயே நின்னுச்சு, டிக்கெட் கேட்டவங்களுக்கு சீட்டு குடுக்க முடியலை. புது மெக்கானிக்கை எடுத்துப் பழக்க எவ்ளோ காலம் ஆகும்? அனுப்புறதுக்கு ஒரு லெட்டர் போதும். சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசை விட அந்த சீட்டுல போன காசு பெருசுன்னு நான் நம்புறேன்.

இங்க நம்ம மலை ரயிலுக்கு வருவோம். இதுல ஓடுற எக்ஸ் கிளாஸ்ங்குற வகை ஸ்டீம் இன்ஜின் முதல்ல ஸ்விட்சர்லாந்து விண்டர்தூர்ல இருந்து வந்துச்சு. அந்தக் கம்பெனியே இப்போ அந்தப் பேர்ல இல்லை. அப்புறம் யார் பண்ணினாங்க? திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப் தொழிலாளிங்க. நீராவி இன்ஜின் காலமே முடிஞ்சு போன பிறகு, பல் சக்கரத்தோட புது இன்ஜினையே உருவாக்கிக் குடுத்தாங்க. பழசைப் பிரிச்சு சேத்த கை அங்க இருந்ததால நடந்துச்சு. அந்தக் கைங்களை முப்பது வருஷம் முன்னாடியே அனுப்பியிருந்தா 2005ல யுனெஸ்கோ குடுத்த பாரம்பரியப் பட்டம் மட்டும் மிச்சம் இருந்திருக்கும், வண்டி மியூசியத்துல நின்னிருக்கும்.

அதே சமயம் ரயில்வே ஒர்க்‌ஷாப்லயே அப்ரென்டிஸ் முடிச்ச பசங்க, வேலை குடுங்கன்னு வருஷா வருஷம் போராடுறாங்க. இன்னொரு பக்கம் ரிட்டையர் ஆன ஆளையே கான்ட்ராக்ட்ல திரும்ப எடுக்குறாங்க. ரிட்டையர் ஆனவரைக் கூப்பிடுறது தப்புன்னு சொல்லலை, கூப்பிடுங்க, ஆனா அந்தப் பசங்கள்ல ரெண்டு பேரை அவர் பக்கத்துல நிக்க வைங்க. அவர் தட்டுறப்போ அவங்களும் கேக்கட்டும். நேத்து அந்த அண்ணன் தனியாத்தான் தட்டிட்டுப் போனாரு, பக்கத்துல கத்துக்க ஒரு பையன் இல்லை, அதைப் பாத்ததுதான் எனக்கு மனசு கேக்கலை.

ஃபேக்டரியோ ரயில்வேயோ யாரா இருந்தாலும் நான் கேக்குறது இதுதான். ஓரங்கட்டின கோச்சை, மெஷினை பழைய இரும்புக்கு எழுதுறதுக்கு முன்னாடி அதைக் கையால தொட்ட ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஆளைத் திரும்பக் கூப்பிட்டா பழைய டோக்கன் நம்பரோட, பழைய சர்வீஸோட கூப்பிடுங்க. கான்ட்ராக்டர் மூலமா அதே ஆளைப் பாதி சம்பளத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தாதீங்க.

நேத்து ராத்திரி இந்த டெலாவேர் கதையை அப்பாவுக்கு சொன்னேன். இப்போ 73 வயசு, காது கொஞ்சம் மந்தம், சத்தமா சொல்லணும். முழுசாக் கேட்டுட்டு "அவங்களுக்குப் பழைய சர்வீஸ் சேந்துச்சா"ன்னாரு. சேந்துச்சுப்பான்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "அடிச்சட்டம் கோணலா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க, சூடு காட்டி நிமித்தியிருப்பாங்களா, இல்ல வெட்டியே எடுத்திருப்பாங்களா"ன்னு கேக்க ஆரம்பிச்சாரு, பத்தரை மணி வரைக்கும் அதையேதான் பேசிட்டிருந்தோம்.