ஒரு கடிதம் கூடப் போடேல்லையாம்

அந்தப் படத்தை எல்லாரும் பாத்திருப்பியள். மூண்டு நாளா அதுதான் ஓடிக்கொண்டிருக்கு. எங்கட யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின்ர 84ஆம் ஆண்டு வகுப்புப் படம், நாலு கூட்டாளிமாரின்ர தலையைச் சுத்திச் சிவப்பு வட்டம், கூடவே படத்தைப் போட்டவரின்ர வசனம்: "உயிருக்கு உயிராம். 90க்குப் பிறகு ஒரு கடிதம் கூடப் போடேல்ல. அப்பத்தான் எது நட்பெண்டு விளங்கினது." அதுக்குக் கீழ இதயங்களும் அழுகிற முகங்களும் வரிசை கட்டி நிக்குது.

எழுதினவரோட சண்டைக்கு வரேல்ல. அவர் 88இல் வெளிநாட்டுக்கு விமானம் ஏறினவர். அதில ஒரு பிழையும் இல்லை, ஏலுமானவை எல்லாரும் ஏறினவைதான். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான். அந்தக் காலத்தில ஒரு கடிதம் போடுறதெண்டால் என்ன வேலையெண்டு இவருக்கு ஆராவது சொன்னவையோ? முத்திரையை நக்கி ஒட்டிச் சிவப்புப் பெட்டிக்குள்ள தள்ளி விடுற அலுவல் எண்டு இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறாரோ?

எழுதாததுக்கும் மறந்ததுக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பதிவில இதைத்தான் சொல்லப் போறன். சலிப்பெண்டால் இதோட நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ.

முதலாவது வட்டம், யாழ்ப்பாணம் சோனகத் தெரு முஸ்லிம் பெடியன். 1990 ஒக்டோபர் 30 அண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னது புலிகள். ஆளுக்கு 150 ரூபாவளவில காசு, உடுத்த உடுப்புக்கு மேல கொஞ்சம். நகையைக் கழட்டி வாங்கினவை, வீட்டு உறுதியை வாங்கினவை. அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கூட்டாளிமாரின்ர விலாசம் எழுதின கொப்பியை அவன் மறக்காமல் எடுத்து வந்திருக்க வேணுமாக்கும்!

சரி, விலாசம் மனப்பாடம் எண்டு வைப்பம். 92இல் புத்தளத்தில ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள்ள இருந்து எழுதுறான். தபால் கந்தோர் ஒரேயடியாச் செத்துப் போகேல்ல. வரும், வாரக்கணக்கிலயும் மாசக்கணக்கிலயும் பிந்தி வரும், வராமலும் விடும். அதனால போற ஆளைப் பிடிச்சுக் கையில குடுத்து விடுறதுதான் வழக்கம். அந்த ஆள் போற வழியைக் கேளுங்கோ. புத்தளத்தில இருந்து அனுராதபுரம், அங்க இருந்து வவுனியா. தாண்டிக்குளத்தில ஆமிக்காரன் பையைக் கவிட்டுக் கொட்டுவான். பற்றரி ஒண்டு அகப்பட்டாலே விசாரணை, கடிதம் எண்டால் பிரிச்சு வாசிக்கிறது. அங்கால ரெண்டு தரப்புக்கும் நடுவில கிடந்த சூனியப் பிரதேசத்தில நடை. நடந்து போனால் புலிகளின்ர சாவடி, அங்கயும் பை கவிழும், அங்கயும் வாசிப்பினம். பிறகு உழவு மிசினிலயோ சைக்கிளிலயோ பூநகரிப் பக்கம் நல்லூர்க் கரை மட்டும் போய்ச் சேர வேணும். யாழ்ப்பாணத்துக்குப் போற ஆனையிறவுப் பாதை மூடி, கொம்படி ஊரியான் வழியும் அடிபட்ட பிறகு, மிஞ்சினது கிளாலிக் கடல்நீரேரி ஒண்டுதான். அதையும் இருட்டினால் பிறகுதான் கடக்கலாம். எரிபொருள் தடை எண்டதால ஒவ்வொரு வள்ளத்துக்கும் மோட்டர் கிடையாது. ஒரு மோட்டர் வள்ளத்துக்குப் பின்னால மற்ற வள்ளங்களைக் கயித்தில கொழுவி இழுக்கிறது. ஒரு பக்கம் ஆனையிறவு முகாம், மற்றப் பக்கம் பூநகரி, நாகதேவன்துறை முகாம்கள், நடுவில கடற்படையின்ர ரோந்து. கயிறு அறுந்தால் பின்னுக்கு வாற வள்ளம் இருட்டுக்க தனிச்சுப் போகும். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தத் தண்ணியில கடற்படை சனத்தை வெட்டியும் சுட்டும் கொலை செய்தது நினைவிருக்கோ? அந்த வள்ளங்களிலயும் ஆராவது ஒருத்தரின்ர மடிக்குள்ள இன்னொருத்தருக்குக் குடுக்க வேண்டிய கடிதம் இருந்திருக்கும்.

இவ்வளவும் தாண்டிக் கடிதம் வந்து சேர்ந்தாலும், பதில் எழுதக் கடுதாசி வேணும். உதயன் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில வந்த காலம் அது. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்க பஞ்சை வைச்சுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால திரியை எடுத்துக் கொளுத்தினால் ஒரு சின்னச் சுடர் நிக்கும். எண்ணெய் கூடினால் புகைக்கும், பஞ்சு காய்ஞ்சால் திரி கருகும். அந்த வெளிச்சத்துக்குச் சுத்தி ஐஞ்சு பிள்ளையள் சோதினைக்குப் படிக்குதுகள். அதுக்குள்ள கையை நீட்டி "அன்புள்ள நண்பனுக்கு" எண்டு எழுதச் சொல்லுறியள்.

"செஞ்சிலுவைச் சங்கம் இருந்ததே" எண்டு ஒருத்தர் கட்டாயம் வருவார். இருந்தது. அது குடுக்கிறது ஒற்றைத் தாள். உறை கிடையாது, திறந்தபடிதான் போகும். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம்: சுகம், செத்தவீடு, கலியாணம், பிள்ளைப்பேறு. ஊர் நிலவரம் எழுதினால் தணிக்கையில நிண்டு போகும். அனுப்புறவர், பெறுறவர் ரெண்டு பேரின்ர முழு விபரமும் தாளிலயே இருக்கும். உங்களைத் துரத்தின ஊரில இன்னும் இருக்கிற ஒருத்தன்ர பேரையும் விலாசத்தையும், அவனுக்குப் புத்தளத்தில ஒரு முஸ்லிம் கூட்டாளி இருக்கிறதையும், அந்தத் தாளில எழுதி எல்லாக் கைக்கும் குடுப்பியளோ? நான் எண்டால் குடுக்கமாட்டன். உண்மையான கூட்டாளியும் குடுக்கமாட்டான். எழுதாமல் விட்டதே அவனைக் காப்பாத்தத்தான்.

"கிழக்கில முஸ்லிம் ஊர்காவல் படை தமிழருக்குச் செய்ததை ஏன் சொல்லேல்ல?" செய்தது. சொல்லிப்போட்டன். அந்தச் சோனகத் தெருப் பெடியன் அதில ஆரை வெட்டினவன் எண்டு நீங்கள் சொல்லுங்கோ, பிறகு கதைப்பம்.

ரெண்டாவது வட்டம் ஈபிஆர்எல்எஃப் எண்ட இயக்கத்துக்குப் போனவன். மூண்டாவது வட்டம் புலிக்குப் போனவன். 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒரே வாங்கில இருந்து போனவங்கள். காட்டிக்குடுக்கவோ கொள்ளையடிக்கவோ போகேல்ல, நாடு பிடிச்சுத் தரப் போனவங்கள். சமதர்மம், வர்க்கம், விடுதலை எண்டு மதவடியில இருந்து விடிய விடியக் கதைச்சவங்கள். பயிற்சிக்கு இந்தியாவுக்கு எந்த வள்ளம் முதல் வெளிக்கிட்டதோ அதில ஏறினதுதான் கனபேரின்ர அரசியல். 86 டிசம்பரில ஈபிஆர்எல்எஃபைப் புலிகள் தடை செய்தது. 89இல் இந்திய ஆமியின்ர நிழலில நிண்டு ஈபிஆர்எல்எஃப்காரர் தமிழ்த் தேசிய இராணுவத்துக்குப் பிள்ளை பிடிச்சவங்கள், 90 மார்ச்சில ஆமி கப்பலேற இவங்களும் இந்தியாவுக்கு ஓடினவங்கள். ஒரு பக்கம் சுத்தமெண்டு சொல்லேல்ல. ஆனா ஒரு புலிப் பெடியன் தமிழ்நாட்டில ஒளிஞ்சிருக்கிற ஈபிக்காரனுக்குக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும்? எழுதினவனுக்கும் சாவு, வாங்கினவனுக்கும் சந்தேகம். இது உங்களுக்கு விளங்கேல்லையோ, விளங்க விருப்பமில்லையோ?

வீட்டுக்குள்ள நடந்ததையும் கேளுங்கோ. ரோந்து வருதெண்டால் தாய்மார் முதல் படங்களை எரிப்பினம், பிறகு கடிதக் கட்டு. ஓட்டோகிராப் கொப்பியை எரிக்க மனம் வராது, பிள்ளை பத்து வருசம் படிச்ச பள்ளிக்கூடமெல்லே. அதில ரெண்டு பக்கத்தை மட்டும் சவர பிளேட்டால தையலோட ஒட்டி அறுத்தெடுத்து அடுப்புக்க வைச்ச ஒரு தாயைத் தெரியும். மற்றப் பக்கங்கள் கழண்டு விழாமல் இருக்க, அறுத்த ஓரத்துக்குச் சோத்துப் பசை பூசி வைச்சவ. அந்தக் கொப்பி இப்பவும் இருக்கு. ரெண்டு பேரின்ர கையெழுத்து மட்டும் இல்லை. மறந்ததெண்டால் இதுவோ?

நாலாவது வட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல, பாவம். எந்த இயக்கத்துக்கும் போகாதவன். கொழும்பில லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு. அறைக்குள்ள வன்னியில இருந்து வந்த கடிதம் ஒண்டு அகப்பட்டால் போதும், மிச்சத்தை அவங்கள் தங்கடபாட்டில எழுதுவாங்கள். அதோட எந்த விலாசத்துக்கு எழுதுறது? 1995 ஒக்டோபர் 30 அண்டு யாழ்ப்பாண நகரம் சேர்ந்த வலிகாமச் சனம் முழுக்க ஒரே இரவில நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது. ஐஞ்சு வருசத்துக்கு முதல் முஸ்லிம் சனம் வெளிக்கிட்ட அதே திகதி. இதைச் சொன்னால் எங்கட ஆக்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தெற்கிலயும் இதுதான். 87 தொடக்கம் 89 மட்டும் ஜேவிபிக் கிளர்ச்சிக் காலத்தில எத்தினை சிங்களப் பெடியள் ரயருக்க எரிஞ்சவங்கள். பேராதனையில கூடப் படிச்ச சிங்களவன் பதில் போடேல்ல எண்டு குறைப்படுறவை, அவன் அந்த வருசம் உயிரோட இருந்தவனோ எண்டு ஒருக்கா விசாரிச்சவையோ? ராஜனி திராணகமவை எடுங்கோ. புலிகளை நம்பி அவையளுக்காக வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர். கலியாணம் முடிச்சது தெற்கில இடதுசாரி அரசியலில நிண்ட தயாபாலவை. பிறகு ஆமி, இந்திய ஆமி, இயக்கங்கள் எண்டு எல்லாரின்ர கொலையையும் எழுதினவ. 1989 செப்டெம்பர் 21 அண்டு பல்கலைக்கழகத்தில இருந்து சைக்கிளில வீட்டை போகேக்க சுட்டவை. அவவோட சேர்ந்து எழுதின விரிவுரையாளர்மார் ஊரை விட்டே போக வேண்டி வந்தது. அவையளின்ர படத்திலயும் சிவப்பு வட்டம் போட்டு, ஏன் கடிதம் போடேல்ல எண்டு கேளுங்கோவன்.

"2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததே, அப்ப ஏன் தேடேல்ல?" நல்ல கேள்வி. ஏப்ரல் 8 திறந்தது, 2006 ஓகஸ்டில மூடினது. நாலு வருசம் சொச்சம். தேடினவை இருக்கினம். சோனகத் தெருவுக்கு வந்து கூரையில்லாத வீட்டைப் பாத்துப்போட்டு, அடுத்த பஸ்ஸில திரும்பிப் போனவையும் இருக்கினம். இதுக்கு மேல அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை.

இவ்வளவு நேரமும் பாதை, வள்ளம், கடுதாசி எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தன். எழுதிக்கொண்டு போக எனக்கே ஒண்டு குத்துது. 86 ஏப்ரல் கடைசியில டெலோ எண்ட இயக்கத்துப் பெடியளைப் புலிகள் சந்தியில போட்டு எரிக்கேக்க கிளாலியும் இல்லை, தாண்டிக்குளமும் இல்லை. ஒரு ஒழுங்கை தள்ளித்தான் அந்தப் பெடியளின்ர வீடு. முத்திரை தேவையில்லை, படலையில போய் நிண்டு தாயைக் கூப்பிட்டிருக்கலாம். பாத்துக்கொண்டு நிண்டது எங்கட ஊர்தான். எரிச்சவைக்குச் சோடா உடைச்சுக் குடுத்ததும் எங்கட ஊர்தான். அண்டைக்குப் படலையைத் திறக்காத நாங்கள், நாப்பது வருசத்துக்குப் பிறகு மற்றவன்ர கடிதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறம். 88இல் விமானம் ஏறினவரும் 86இல் ஊரிலதான் இருந்தவர். வேற ஒண்டும் சொல்லேல்ல.

படத்தை அழிக்கச் சொல்லிக் கேக்கேல்ல, வட்டத்தை மட்டும் எடுத்து விடுங்கோ. அதில ரெண்டு பேர் உயிரோட இல்லை எண்டது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதியிருக்கிறியள். முதலாவது வட்டத்தில இருக்கிறவர் புத்தளத்திலதான் இருக்கிறார், கண்ணில சத்திரசிகிச்சை முடிஞ்சு வாசிக்கக் கொஞ்சம் கஷ்டப்படுறார். தொலைபேசி இலக்கம் வேணுமெண்டால் உள்பெட்டிக்கு வாங்கோ, அவரைக் கேட்டுப்போட்டுத் தாறன். எடுத்தால் சுகத்தைக் கேளுங்கோ, பிள்ளையளைக் கேளுங்கோ. ஏன் எழுதேல்ல எண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.