ஒரு மூட்டை யூரியாவும் ஒரு பாட்டிலும்

உரக்கடையில் யூரியாவோடு தலையில் கட்டுகிற பாட்டில் வேண்டாம் என்று ஒரு விவசாயி சத்தம் போட்ட அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கமெண்டுகளை ராத்திரி முழுக்கப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. நடந்ததை மறுபடி சொல்லவில்லை, எல்லோரும் பார்த்தாச்சு. "பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போகட்டும், அதுதான் ஃப்ரீ மார்க்கெட்" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் இது.

எந்தக் கடைக்கு, தம்பி? கூட்டுறவு சொசைட்டியில் யூரியா லோடு வரவில்லை. மன்னார்குடி வரை வண்டியை விரட்டினாலும் அதே பேச்சுதான்: லிங்க் எடுத்தால்தான் யூரியா. லிங்க் என்றால் யூரியாவோடு கட்டாயமாக எடுக்க வேண்டிய வேறு சரக்கு. நட்ட பதினைந்து இருபது நாளில் முதல் மேலுரம் விழணும், சந்தையில் போட்டி வரட்டும் என்று பயிர் பொறுத்துக்கொண்டு நிற்காது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, மூட்டை மேலேயே அச்சடித்திருக்கிறது. அதோடு நாம் கேட்காத பாட்டில் ஒன்று, அதன் விலை யூரியாவை விட அதிகம். வேண்டாம் என்று சொல்ல முடிந்தால்தான் அது வியாபாரம்.

எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் அந்தப் பாட்டில்கள் பதினேழு இருக்கின்றன. வேர் வளர்ச்சி, தூர் கட்ட, கதிர் பருக்க என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், பாதிக்கு மேல் சீல்கூட உடைக்கவில்லை. அப்பா தூக்கிப் போட விடமாட்டார், காசு கொடுத்து வாங்கியதாம். காலாவதியாகி நாலு வருஷம் ஆனதையும் துடைத்து அடுக்கி வைப்பார். விவசாயி ஆடம்பரமாகச் செலவழிக்கிறான் என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் வந்து அந்தப் பரணைப் பார்க்கலாம்.

"அரசு விலையைக் கட்டிப்போட்டதால்தானே லிங்க் வருது" என்று ஒரு சார் விளக்கியிருக்கிறார். அதில் பாதி உண்மை. கடைக்காரருக்கு யூரியாவில் பெரிதாக எதுவும் நிற்காது, அவருக்கே உரக் கம்பெனியிலிருந்து அப்படித் தள்ளித்தான் வருகிறது. சரி, இருக்கட்டும். கட்டை அவிழ்த்துவிட்டால், மானியம் இல்லாமல் அந்த மூட்டை என்ன விலைக்கு வரும் என்று சார் எழுதவே இல்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1955-லேயே அத்தியாவசியப் பொருள் சட்டம், 1985-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணை. மூட்டை வாங்க மிஷினில் கட்டைவிரல் வைக்கிறேன், நான் எத்தனை மூட்டை எடுத்தேன் என்று டெல்லி வரை தெரிகிறது. அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே வைக்கிற பாட்டில் மட்டும் யார் கண்ணிலும் படவில்லையாம்!

"நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கிறது தெரியாதா, அதுவும் அரசுதானே" என்று உடனே வருவீர்கள். தெரியும், அங்கே சாக்குக்கு இவ்வளவு என்று லஞ்சம் கொடுப்பதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிலையத்தில் எடுக்காமல் நெல் களத்தில் கிடக்கும் நாட்களில் வியாபாரி என்ன விலைக்குக் கேட்பான் என்று ஒரு முறை நின்று பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் ரெண்டு ரூபாய் கேட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுகிற ஆட்கள்தானே நீங்கள்? அங்கே உங்களுக்கு நுகர்வோர் உரிமை. உரக்கடையில் ஒருத்தர் அதையே கேட்டால் "குடிச்சிட்டுக் கத்துறான்" என்கிறீர்கள். அவர் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குப் பின்னால் நீலச் சட்டையில் நின்றது நான்தான். கடையில் போன சம்பாவுக்கு வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவர் வெறும் கையோடு போனார். நான் மூட்டையும் பாட்டிலுமாக வந்தேன்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கித் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு, யூரியாவைப் பிரிக்கப் போனார்.