30 தோட்டா, அரைக் கிலோ

காட்டுக்கும் மலைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம் என்று விற்கப்படும் இந்த .22 மேக்னம் பிஸ்டல்களைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றின் எடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "30 ரவுண்டு" என்ற எண்ணைக் காட்டி நடக்கிற வியாபாரம்தான் பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நான் இருப்பது யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிப் பக்கம். வாரக் கடைசியில் வாசாட்ச் மலைப் பாதைகளில் நடப்பது, குளிர்காலத்தில் மேற்கே பாலைவனத்துப் பொது நிலத்தில் நண்பர்களோடு ஜாக்ராபிட் முயல் தேடிப் போவது, இவ்வளவுதான் என் காட்டு அனுபவம். இங்கே துப்பாக்கி என்பது ஊரில் அரிவாள் மாதிரி, பல வீட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், பெரிதாக யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊரில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு பாயின்ட் டூ டூ ரைஃபிள் ஞாபகம் இருக்கும். தரையில் குப்புறப் படுத்து, ஹவில்தார் திட்டத் திட்ட ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு, அதை வைத்து ஒரு வாரம் கல்லூரியில் பெருமை பேசியிருப்போம். அந்தத் தோட்டாவின் பெயர் .22 லாங் ரைஃபிள், 1887 முதல் இருக்கிறது. அதைவிட நீளமாக, வேகமாக, வின்செஸ்டர் கம்பெனி 1959-இல் கொண்டுவந்ததுதான் .22 மேக்னம். இரண்டுமே ரிம்ஃபயர் வகை. மற்ற பிஸ்டல் தோட்டாக்களின் அடியில் நடுவே வட்டமாக பிரைமர், அதாவது பற்றவைக்கும் சின்ன மூடி தெரியும். ரிம்ஃபயரில் அது கிடையாது. அடியைச் சுற்றி இருக்கிற விளிம்பின் உள்ளேயே பற்றவைக்கும் மருந்தை ஈரமாக இட்டு, சுழற்றிப் பரவவிட்டுக் காயவைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லிசாக இருக்கவேண்டும், மெல்லிசாக இருந்தால் உள்ளே அதிக அழுத்தம் தாங்காது. இதனால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. அழுத்தமும் பின்னுதையும் குறைவு என்பதால் துப்பாக்கியை லேசாகச் செய்யலாம், நன்மை அதுதான். தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

லேசு என்றால் எவ்வளவு லேசு? கெல்டெக் பி.எம்.ஆர்-30 என்று ஒன்று பல வருடமாக இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து வந்து ஃப்ளோரிடாவில் கம்பெனி தொடங்கிய ஜார்ஜ் கெல்க்ரென் என்ற வடிவமைப்பாளரின் சரக்கு. காலியாக 400 கிராம் பக்கம், 30 தோட்டா அடுக்கிய மேகஸினையும் (தோட்டாப் பெட்டி) போட்டால் 550 கிராம் பக்கம். 2023 ஜனவரியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதே 30 ரவுண்டு கணக்கில் எம் அண்ட் பி 22 மேக்னம் என்று ஒன்றை விட்டார்கள். அது காலியாகவே 620 கிராம் போல வரும், ஆனால் கையில் பிடித்தால் பொம்மை என்ற நினைப்பு வராது. இவற்றுக்கு எதிரில் அலாஸ்கா ஆட்கள் கரடிக்காக நெஞ்சில் கட்டிக்கொள்ளும் 10 எம்.எம். க்ளாக்கை வைத்துப் பாருங்கள், தோட்டாவோடு ஒரு கிலோவைத் தாண்டும்.

தோட்டாவுக்கும் இதே கதைதான். ஒரு .22 மேக்னம் தோட்டா நாலு கிராம் பக்கம், 30 போட்டாலும் 120 கிராமை ஒட்டித்தான் வரும். 9 எம்.எம். என்றால் ஒன்றே 12 கிராம், 30-க்கு 360 கிராம். தண்ணீர், ஜாக்கெட், சாப்பாடு எல்லாவற்றையும் கிராம் கிராமாக எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏறுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். எடை அதிகம் என்று காரிலேயே விட்டுவிட்டுப் போகிற துப்பாக்கி யாருக்கும் உதவாது, இந்த வாதத்தை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன்.

பொறியியலாகப் பார்த்தாலும் இது சுலபமான வேலை இல்லை. விளிம்பு வைத்த ஒல்லியான நீளத் தோட்டாக்களை இரண்டு வரிசையாக மேகஸினில் அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். 30 தோட்டாவும் மாட்டாமல் மேலே வரவேண்டும் என்றால் மேகஸினின் வளைவு, ஸ்பிரிங் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும், போடுகிறவரும் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் போடவேண்டும், அவசரத்தில் திணித்தால் மூன்றாவது தோட்டாவிலேயே நின்றுவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரர்கள் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள்: குண்டு குழலில் உள்ள ஒரு சின்ன துளையைத் தாண்டும்வரை பூட்டைப் பிடித்துவைத்து, அப்புறம் குழல் சுழன்று திறக்கிற ஏற்பாடு. இவ்வளவு சின்னத் தோட்டாவுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே ஆச்சரியம். கைப்பிடிதான் ஒரு குறை. தோட்டா 34 மில்லிமீட்டர் நீளம், அது கைப்பிடிக்குள் போகவேண்டும் என்பதால் முன்னும் பின்னும் அகலமாகிவிடுகிறது. என் போன்ற சின்னக் கைக்காரர்கள் கடையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

இனி எனக்குப் பிடிக்காத பக்கம்.

பெட்டியில் "மேக்னம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள குண்டு, நீளமான ரைஃபிள் குழலிலிருந்து கிளம்பினால் 420 ஜூல் வரை ஆற்றல் காட்டும். அதே தோட்டாவை நாலே கால் இஞ்ச் பிஸ்டல் குழலில் போட்டால் 180 ஜூல் பக்கம்தான். பாதிக்கு மேல் போயே போச்சு. வெடிமருந்து ரைஃபிளுக்கென்று கலந்தது, குழலுக்குள் எரிந்து முடிக்க நேரம் இல்லை, மிச்சம் வெளியே வந்து எரிகிறது. மாலை வெளிச்சத்தில் சுட்டால் முகத்துக்கு முன்னால் ஒரு தீப்பந்து, கூடவே காதைக் கிழிக்கிற சத்தம். காதுக் கவசம் இல்லாமல் மலையில் ஒரு தடவை சுட்டாலே காது இரைய ஆரம்பித்துவிடும். குட்டைக் குழலுக்கென்றே ஹார்னடி, ஸ்பியர் போன்றவர்கள் தனித் தோட்டா செய்கிறார்கள், அதில் நிலைமை கொஞ்சம் தேவலை, ஆனால் விலை? சாதா .22 லாங் ரைஃபிளைப்போல் பல மடங்கு. சாதாரண 9 எம்.எம். பிஸ்டல் 480 ஜூல் பக்கம் தருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன தொல்லை இதுதான். விளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து ஒரு இடத்தில் பரவாமல் விட்டுப்போய், ஊசி சரியாக அந்த இடத்தில் அடித்தால் தோட்டா வெடிக்காது. நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கும், நடுவில் பிரைமர் வைத்த சென்டர்ஃபயர் வகையில் நடப்பதைவிட அதிகமாக நடக்கும். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில் நடந்தால் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற பகுதி) இழுத்து வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுடலாம். அவசரத்தில், ஒரு கையில் நாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்கும்போது அந்த ஸ்லைடை யார் இழுப்பது? ரிவால்வரில் இந்தப் பிரச்சினை இல்லை, டிரிகரை மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி, மதுரைக்காரர், இந்த விளம்பரத்தை போனில் காட்டி, "அண்ணா, முப்பது ரவுண்டு இருக்கே, கரடி வந்தாக்கூட சமாளிச்சிரலாம்ல?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், விளம்பரம் அப்படி நினைக்கவைப்பதற்காகவே எடுக்கப்பட்டது. முதலில் எங்கள் மலையில் பயப்பட வேண்டியது கரடிக்கு அல்ல, மூஸுக்கு. முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள ராட்சச மான், குட்டியோடு இருந்தால் காரணமே இல்லாமல் பாயும். அதன்மேல் இரண்டரை கிராம் குண்டுகளைச் சுட்டால் அதற்குக் கோபம்தான் அதிகமாகும். மூஸைப் பார்த்தால் பெரிய மரத்துக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

.22 போதும் என்று வாதிடுகிறவர்கள் உடனே பெல்லா ட்வின் கதையைச் சொல்வார்கள். உண்மைக் கதைதான். 1953 மே 10, கனடாவில் ஆல்பர்ட்டாவின் ஸ்லேவ் லேக் பக்கம், க்ரீ பழங்குடிப் பெண் ஒருவர் கூயி என்ற மலிவான ஒற்றைத் தோட்டா .22 ரைஃபிளை வைத்துக்கொண்டு அன்றைய உலக சாதனை அளவு க்ரிஸ்லி கரடியை வீழ்த்தினார். மேக்னம்கூட இல்லை, அப்போது அது பிறக்கவே இல்லை. ஆனால் கவனியுங்கள், அவர் வாழ்நாள் முழுக்கக் காட்டில் பொறி வைத்து வேட்டையாடி வாழ்ந்தவர், தலையில் எந்த இடத்தில் எலும்பு மெல்லிசு என்று தெரிந்தவர், கரடி மிகக் கிட்டத்தில் வந்தபிறகு பக்கவாட்டில் பார்த்துச் சுட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தோட்டாவைத்தான் போட முடிகிற துப்பாக்கி! 30 ரவுண்டு விற்பவர்கள் இந்தக் கதையை எப்படித் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

கரடிக்கு என்னதான் வழி என்றால், இங்கே பக்கத்தில் ப்ரோவோவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டாம் ஸ்மித்தும் கனடாவின் ஸ்டீஃபன் ஹெரேரோவும் சேர்ந்து அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மிளகாய்க் காரத்தை அடிக்கிற கரடி ஸ்பிரே, பழுப்புக் கரடிகளின் விஷயத்தில் 92 சதவீதம் வேலை செய்தது, ஸ்பிரே பயன்படுத்தியவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அப்புறம் 2012-இல் துப்பாக்கிகளைப் பற்றியும் எழுதினார்கள். நியாயமாகச் சொல்லவேண்டும், அதில் கைத்துப்பாக்கி 84 சதவீதம் கரடியை நிறுத்தியதாக வருகிறது, மோசமில்லை. ஆனால் துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும் கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் முடிவு. ஸ்பிரே டப்பா முந்நூறு கிராம் சொச்சம். துல்லியமாகக் குறிபார்க்க வேண்டாம், மேகமாகப் பரவும். (யோசெமிட்டி போகிறவர்கள் மட்டும் கவனம், அங்கே கரடி ஸ்பிரேக்கு அனுமதி இல்லை.)

பாம்புக்கு என்கிறார்கள். ராட்டில்ஸ்நேக் பெரும்பாலும் தானே வாலை ஆட்டி எச்சரிக்கை செய்கிற மகாராசன், இரண்டு எட்டு பின்னால் வைத்தால் முடிந்தது. சுடத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சிறு ரவை அடைத்த .22 தோட்டா இருக்கிறது, ஆனால் பிஸ்டலில் அது ஸ்லைடை ஒழுங்காகத் தள்ளும் என்று நம்பமுடியாது. அதற்கும் ரிவால்வர்தான் தோது.

அப்படியானால் இந்தப் பிஸ்டல் எதற்கு? முயலுக்கு. அலாஸ்காவில் க்ரவுஸ் பறவைக்கு. வேட்டையில் அடிபட்டுக் கிடக்கிற சின்ன மிருகத்தின் வேதனையை முடிக்க. பாலைவனத்தில் தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பழக. இந்த வேலைக்கெல்லாம் ஒரு நீண்ட பரம்பரையே உண்டு. கோல்ட் கம்பெனியின் வுட்ஸ்மேன் 1915-இல் தொடங்கி 1977 வரை வந்தது, ரூகர் கம்பெனி பிறந்ததே 1949-இல் ஒரு .22 பிஸ்டலோடுதான். அவை எல்லாம் ஒன்பது பத்து தோட்டாவில் காலம் தள்ளின. முயலை முதல் இரண்டு தோட்டாவில் அடிக்காவிட்டால் மூன்றாவதற்கு அது அங்கே இருக்காது. முப்பதும் பயன்படுகிற ஒரே இடம் தகர டப்பா, அங்கே அது உண்மையிலேயே ஜாலி, மறுக்கமாட்டேன். ஒரு நண்பர் கொண்டுவந்ததைச் சுட்டபோது நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், மேகஸினை மறுபடி நிரப்பும்போதுதான் கட்டைவிரல் அழுதது.

30 என்ற எண்ணால் வேறு தலைவலியும் உண்டு. கலிஃபோர்னியாவில் 10-க்கு மேல் பிடிக்கிற மேகஸின் விற்கமுடியாது, வாஷிங்டன் மாநிலத்திலும் 10, கொலராடோவில் 2013-இலிருந்து 15. மலையும் காடும் உள்ள இடங்களிலேயே சிலவற்றில் இந்தச் சரக்கின் பிரதான விளம்பரம் செல்லாது. தேசியப் பூங்காக்களில் 2010-இலிருந்து மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் சுடுவது தடை. க்ளேஷியர் பூங்காவுக்குப் போய்விட்டு அப்படியே எல்லை தாண்டி கனடாவின் பேன்ஃப் பூங்காவுக்குப் போகிற திட்டம் இருந்தால் கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள், கனடா அதை விடாது.

நம் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. அது இல்லாமல் நண்பனின் துப்பாக்கியை ரேஞ்சில் சும்மா கையில் வாங்கிச் சுடுவதுகூட சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான், போட்டோ எடுத்து முகநூலில் போட்டால் நீங்களே சாட்சியும் கொடுத்த மாதிரி. க்ரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. யூட்டாவில் 1965-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டை லைசென்ஸ் எடுக்க பொதுவாக முதலில் பாதுகாப்பு வகுப்பு முடிக்கவேண்டும், அந்த வகுப்பு நல்ல வகுப்பு, துப்பாக்கி வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் போகலாம்.

அந்தத் தம்பியிடம் கடைசியில் நான் சொன்னது: ஸ்பிரே வாங்கு, மிச்சக் காசுக்கு நல்ல செருப்பு... சரி, ஷூ வாங்கு. இரண்டு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலேயே 351 பி.டி. என்று ஒரு .22 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது, ஏழு ரவுண்டு, 320 கிராம் பக்கம், டிரிகர் கொஞ்சம் கடினம், விலை அதைவிடக் கடினம். நான் அதற்குத்தான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால், சுட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், டிரிகர் எப்படி என்று கீழே எழுதுங்கள்.