முற்றுகைக்குள் ஒரு பெர்சிமன் பழம்

‘ஃபார் சாமா’ என்ற ஆவணப்படத்தை இந்த வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டில் என் மகளோடு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 2011இல் சிரியாவின் அலெப்போ நகரில் மாணவியாக இருந்தபோது அரசை எதிர்த்த போராட்டங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்யத் தொடங்கிய வாத் அல் கதீப், அங்கேயே ஒரு மருத்துவரை மணந்து, 2016இல் மகள் சாமாவைப் பெற்று, அதே ஆண்டு அரசுப் படைகள் கிழக்கு அலெப்போவை முற்றுகையிட்டபோதும் கணவரின் மருத்துவமனையிலேயே தங்கி, டிசம்பரில் வெளியேறும்வரை படம்பிடித்துக்கொண்டே இருந்தார். எட்வர்ட் வாட்ஸோடு இணைந்து அவர் இயக்கிய இப்படம் 2019இல் கான் விழாவின் ஆவணப்பட விருதைப் பெற்றது.

குண்டு விழும் காட்சிகளைச் செய்திகளில் நிறையப் பார்த்துவிட்டோம். என் மனத்தை விட்டு அகலாதது ஒரு பழம். உணவு அருகிப்போன நாள்களில் ஒரு கணவர் தம் மனைவிக்கு ஒரே ஒரு பெர்சிமன் பழத்தைக் கொண்டுவந்து தருகிறார். சீனப் பெருநாளுக்கு நம் சந்தையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் அதே பழம்தான். அதைக் கையில் வாங்கியதும் அந்தப் பெண்ணுக்கு வருகிற சந்தோஷத்தைக் கண்டு என் மகள் சிரித்தாள், நான் அழுதுவிட்டேன். வந்து போகும் செய்தியாளர் முன்னால் யாரும் அப்படி மலர மாட்டார்கள். கேமராவைப் பிடித்திருந்தவர் அதே பசியில் கிடந்த தோழி என்பதால்தான் அந்த முகம் நமக்குக் கிடைத்தது.

“ஒரு தரப்பின் படம்தானே அண்ணே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், வாத் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் முற்றுகைக்குள் கிடப்பவரிடம் நடுநிலை கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் இருந்த போஸ்னியாவின் சாரயேவோ நகரிலும் உள்ளூர்த் திரைக்கலைஞர்கள் தங்கள் நகரத்தைத் தாங்களே படமாக்கினார்கள்.

இதில் எனக்கு இத்தனை பிடிவாதம் வரக் காரணம் சயாம் மரண ரயில். இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43இல், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். மேலைநாட்டுப் போர்க்கைதிகள் ஒளித்துவைத்து வரைந்த ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட என் பாட்டியின் அண்ணன் திரும்பவே இல்லை. அங்கே அவர் யார் பக்கத்தில் படுத்துத் தூங்கினார், ஒரு கவளம் சோறு கிடைத்த நாளில் அவர் முகம் எப்படி இருந்தது என்று பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.