பெயரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றில் அன்பளிப்புப் பை கொடுக்கத் தொண்டூழியராகப் போயிருந்தேன். அரிசி, பிஸ்கட், சவர்க்காரம், ஒரு சட்டை. எல்லாம் நல்ல பொருள்தான். ஒவ்வொரு பையும் கைமாறும்போது பதாகைக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தோம். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றார். ஏன் என்று கேட்டேன். "அரிசி இருக்குக்கா. பேரையாவது கேட்டிருக்கலாம்" என்றார்.

அன்று இரவு புறநானூற்றை எடுத்து 208ஆம் பாட்டைத் தேடினேன். சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து மன்னன் அதியமானிடம் வருகிறார். அவனோ நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பி, 'இதைக் கொண்டு போகட்டும்' என்கிறான். 'என்னை யாங்கு அறிந்தனனோ' என்று கேட்கிறார் புலவர். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்துவிடுகிறார். தன் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவே ஆனாலும் இனிது என்கிறார்.

அவர் வசதியாக இருந்து மறுத்தவர் இல்லை. 160ஆம் பாட்டில் வள்ளல் குமணனிடம் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார். பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்த்த பிள்ளை, கூழோ சோறோ இருக்குமா என்று பானையைத் திறக்கிறான். உள்ளே ஒன்றுமில்லை, அழுகிறான். அம்மா புலி என்று சொல்லிப் பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். அழுகை அடங்கவில்லை. இந்த இடத்தை என்னால் இன்றுவரை சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடிந்ததில்லை.

அந்தப் பசியை அறிந்தவர், வேல் பிடித்த அரசனிடம் 'இப்படிக் கொடுத்தால் வேண்டாம்' என்கிறார். எனக்கு இதுதான் வீரம். மார்பில் வேல் தாங்கியவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகளில் நம் பிள்ளைகள் பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள்! சொல்லட்டும். ஆனால் அதெல்லாம் கொடுத்தவர்களின் கதை. வாங்க வந்தவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. புறநானூற்றில் பாடியவர்கள் பலர் வாங்க வந்து நின்றவர்கள்தானே?

கொடுப்பவருக்கும் அதே அளவுகோல்தான். வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் 'அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார். இங்கே செய்தது மறுமையில் திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதையே வியாபாரம் என்று தள்ளிய மரபு நம்முடையது. படத்துக்காகக் கொடுப்பதை அது என்னவென்று சொல்லும்?

ஆயிரம் பேருக்குக் கொடுக்கும்போது பெயர் கேட்க நேரம் ஏது என்று குழுவில் கேட்டார்கள். அப்படியானால் நூறு பேருக்குக் கொடுப்போம். நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால், அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுப்போம். மனிதர்களை விட்டுவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊழியர்களை எப்போதும் வாங்குகிறவர்களாகவே பார்க்கிறோம். 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள்.

அப்புறம், இரண்டு வாரம் கழித்து அதே தம்பியை இங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் பார்த்தேன். ஊருக்குப் பணம் அனுப்ப நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்கு இவ்வளவு, தங்கைக்கு இவ்வளவு, இங்கே வரக் கடன் கொடுத்தவருக்கு இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். குமணன் தந்த செல்வத்தோடு வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் மனைவியிடம் சொன்ன 163ஆம் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. உன்னை விரும்பியவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், உறவினருக்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்களுக்கும் கொடு, என்னைக்கூடக் கேட்காதே, 'எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழவோயே'.

பணம் அனுப்பிவிட்டு வந்தவர் எனக்கும் ஒரு டீ வாங்கினார். நான் பணத்தை எடுத்தேன், விடவில்லை. அவர் பெயர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.